தொடாமல் பார்ப்போம்: பாதுகாக்கப்பட்ட கடலில் ஸ்கூபா டைவிங்

கோடை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. போனைத் திறந்தால் ஒரு ரீல்ஸ் ஓடுகிறது. நீல நீர், கலர் கலரா மீன், முதுகில் சிலிண்டர் மாட்டிக்கொண்டு கை காட்டும் ஒருவர். "நாமும் ஒரு தடவை போய்ப் பார்ப்போமே" என்று தோன்றுகிறதா? தாராளமா போகலாம். ஆனால் புக் செய்வதற்கு முன் ஒரு பத்து நிமிடம் இந்தப் பாடத்தைப் படியுங்க.

அழகான பவளப்பாறை இருக்கும் இடங்களில் பல, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கடல் பகுதிகள். அங்கே நாம் இறங்குவது காட்டுக்குள் நுழைவது போலத்தான். முதுமலையில் ஜீப்பை விட்டு இறங்கி மான் குட்டியைத் தூக்கிக் கொஞ்ச மாட்டோம். கடலுக்கு அடியில் மட்டும் அந்தக் கட்டுப்பாடு பலருக்கு ஞாபகம் வருவதில்லை. காரணம், பவளம் பார்க்கக் கல் மாதிரி இருக்கிறது.

1. பவளம் கல்லா, உயிரா?

உயிர்தான். பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாக வாழும் குடியிருப்பு அது. தன் உடலுக்கு அடியில் சுண்ணாம்பைப் படியவைத்து அவை வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. சூரிய ஒளியில் உணவு தயாரித்து, அதில் பெரும் பங்கைப் பவளத்துக்குக் கொடுப்பது அந்தப் பாசிதான். பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அதிலிருந்தே வருகிறது.

கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகிச் சில வாரம் அப்படியே நீடித்தால், பவளம் இந்தப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. அதைத்தான் 'பவளம் வெளிறுதல்' என்கிறார்கள். சூடு சீக்கிரம் குறைந்தால் மீளும். இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கடுமையான வெளிறல் ஏற்பட்டது.

உருண்டை வடிவப் பவளங்கள் பல, வருடத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். கிளைப் பவளம் கொஞ்சம் வேகமாக வளரும், ஆனால் சுலபமாக முறியும். உங்கள் மகளின் உயரம் இருக்கும் ஒரு உருண்டைப் பவளம், உங்கள் பாட்டி பிறப்பதற்கு முன்பே வளரத் தொடங்கியதாக இருக்கலாம். அதன்மேல் ஒரு நிமிடம் நின்று போட்டோ எடுத்தால், நம் எடையில் நசுங்குவது அந்த மெல்லிய உயிர்த் தோல்.

2. ஒரே ஒரு டைவர் என்ன செய்துவிட முடியும்?

நியாயமான கேள்வி. கடல் சூடாவது, கழிவு நீர், இழுவை வலை ஆகியவற்றோடு ஒப்பிட்டால் ஒரு டைவர் செய்யும் சேதம் சிறியதுதான். ஆனால் டைவர்கள் கடல் முழுக்கப் பரவி இறங்குவதில்லை. அழகான நாலைந்து இடத்திலேயே திரும்பத் திரும்ப இறங்குகிறார்கள். ஏற்கெனவே வெப்பத்தால் தளர்ந்து நிற்கும் பவளத்துக்கு அந்தச் சின்னச் சின்ன அடிகள்தான் எழ விடாமல் செய்கின்றன.

சேதம் எப்படி நடக்கிறது? பெரும்பாலும் வேண்டுமென்றே இல்லை.

• ஃபின்: காலில் மாட்டும் நீண்ட துடுப்பு. நம் பாதம் எங்கே முடிகிறது என்று மூளைக்குத் தெரியும். ஃபின் எங்கே முடிகிறது என்று தெரியாது. திரும்பும்போது பின்னால் பவளம் முறிவதே தெரியாமல் போய்விடும்.

• மணல் கிளறல்: தரைக்கு அருகில் வேகமாகக் கால் உதைத்தால் மணல் எழும்பிப் பவளத்தின்மேல் படியும். ஒளி கிடைக்காது. அதைத் தள்ளிவிட பவளம் தன் சக்தியைச் செலவழிக்க வேண்டும்.

• தொங்கும் கருவிகள்: காற்றளவு காட்டும் மீட்டர், கூடுதல் மூச்சுக்குழாய் ஆகியவை உடலோடு கட்டப்படாமல் தொங்கினால் பாறையில் உரசிக்கொண்டே வரும்.

• கேமரா: ஒரு ஷாட் நிலையாக வர வேண்டும் என்று ஒரு கையால் பவளத்தைப் பிடித்துக்கொள்கிறோம். கரீபியன் கடலில் செயின்ட் லூசியாவில் நடந்த ஓர் ஆய்வில், கேமரா வைத்திருந்தவர்களே பாறையை அதிகம் தொட்டது தெரியவந்தது.

• நங்கூரம்: இது டைவரின் தவறு அல்ல, படகின் தவறு. ஆனால் டைவர் முறிப்பதைவிடப் பல மடங்கு பவளத்தை ஒரே வீச்சில் நொறுக்கும்.

இவற்றில் பலவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: மிதப்புக் கட்டுப்பாடு இல்லாமை. புதிதாக இறங்குபவருக்கு எடை பெல்ட்டில் கொஞ்சம் கூடுதலாக எடை கட்டிவிடுவார்கள். அவர் கீழே போகத் தொடங்குவார். பயந்து ஜாக்கெட்டில் காற்று நிரப்புவார். இடுப்பில் எடை, மார்பில் காற்று; உடல் நிமிர்ந்து நின்றுவிடும். ஃபின் இரண்டும் நேராகப் பாறையை நோக்கி இருக்கும். உதைக்கும் ஒவ்வொரு உதையும் பவளத்துக்குத்தான். உடல் படுக்கைவசமாக, தரையைத் தொடாமல், மேலும் எழாமல் நிற்கப் பழகிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

3. சொல்லிக்கொடுத்தால் மாறுமா?

மாறும். எகிப்தின் ராஸ் முகமது தேசியப் பூங்காவில் 1990-களில் ஓர் ஆய்வு செய்தார்கள். டைவர்கள் 7 நிமிடத்துக்குச் சராசரியாக 1.4 தடவை பாறையைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். பவளம் என்றால் என்ன, ஏன் தொடக்கூடாது என்று விளக்கி, தண்ணீருக்குள்ளேயே செய்தும் காட்டினார்கள். அதன் பிறகு அது 0.4 ஆகக் குறைந்தது. அபராதமோ காவலரோ தேவைப்படவில்லை. முறையாகச் சொல்லிக்கொடுத்ததே போதுமானதாக இருந்தது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. படகில் போகிற போக்கில் "பவளத்தைத் தொடாதீங்க" என்று ஒரு வரி சொன்னால் போதாது. செயின்ட் லூசியா ஆய்வில் அப்படிச் சுருக்கமாகச் சொன்னது பலன் தரவில்லை. தண்ணீருக்குள் யாராவது தொடும்போது வழிகாட்டி உடனே குறுக்கிட்டுத் தடுத்ததுதான் பலன் தந்தது. ஆகவே நல்ல வழிகாட்டி யார் என்றால், உங்களை அழகாகப் படம் எடுத்துத் தருபவர் மட்டும் அல்ல. தேவைப்பட்டால் உங்கள் கையைத் தட்டிவிடுபவரும் அவரே.

4. ஒரு தீவு காட்டிய வழி: பொனேர்

'பாதுகாப்பா, சுற்றுலாவா' என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா? கரீபியன் கடலில் வெனிசுவேலாவுக்கு வடக்கே இருக்கும் பொனேர் என்ற சின்னத் தீவு இரண்டையும் சேர்த்து நடத்திக் காட்டியது.

அங்கே 1971-லேயே ஈட்டியால் மீன் குத்துவதைத் தடை செய்தார்கள். 1975-ல் பவளம் எடுப்பதைத் தடை செய்தார்கள். 1979-ல் தீவைச் சுற்றி, கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை, கடல் பூங்காவாக அறிவித்தார்கள். படகுகள் நங்கூரம் போடக்கூடாது. நிலையாகக் கட்டப்பட்ட மிதவைகளில்தான் படகைக் கட்ட வேண்டும். டைவர்கள் கையுறை அணியக்கூடாது. ஏன் கையுறைக்குத் தடை? கையுறை இருந்தால் தைரியமாகப் பாறையைப் பிடிப்போம். வெறுங்கை என்றால் தானாகவே தள்ளி நிற்போம்.

புதிதாக வரும் டைவர் முதலில் விதிமுறை வகுப்பில் உட்கார வேண்டும். பிறகு ஒரு சோதனை டைவிங். அதன் பிறகே மற்ற இடங்களுக்குப் போகலாம். 1992-ல் ஒவ்வொரு டைவரிடமும் ஆண்டுக்கு 10 டாலர் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். அந்தப் பணத்தில் மிதவைப் பராமரிப்பு, ரோந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடம் எல்லாம் நடந்தது. இன்று கட்டணம் பல மடங்கு கூடிவிட்டது. ஆனாலும் டைவர்கள் வருவது நிற்கவில்லை.

ஒரு இடத்தில் வருடத்துக்கு எத்தனை டைவிங் வரை பாறை தாங்கும் என்றும் அங்கே கணக்குப் போட்டார்கள். 4,000 முதல் 6,000 வரை என்று ஒரு மதிப்பீடு வந்தது. அதைத் தாண்டினால் சேதம் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. இந்த எண்ணை எல்லாக் கடலுக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனால் 'எல்லை' என்று ஒன்று உண்டு என்பதை அது காட்டுகிறது. தாய்லாந்தும் இதே வழியில் வந்தது. கூட்டத்தால் சீரழிந்த மாயா விரிகுடாவை 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில்தான் கட்டுப்பாடுகளோடு மறுபடி திறந்தது.

கடலுக்கு ஓய்வு கொடுப்பது நமக்குப் புதிதல்ல. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. மீன் பெருக வேண்டும் என்பதற்காக மீனவர்கள் ஏற்றுக்கொள்ளும் கட்டுப்பாடு அது.

5. நம் வாசலில் இருப்பது: மன்னார் வளைகுடா

மண்டபம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக இருக்கும் 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து, 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989-ல் அதைச் சுற்றிய 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. பவளம், கடற்புல், கடல் ஆமை, ஆவுளியா என்று நம் மீனவர்கள் அழைக்கும் கடற்பசு எல்லாம் வாழும் இடம். பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்கென்றே 448 சதுர கிலோமீட்டரில் ஒரு காப்பகம் 2022-ல் அறிவிக்கப்பட்டது.

அந்த 21 தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும், இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல காலம் பவளப்பாறையை வெட்டி எடுத்ததை அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். அலையைத் தடுத்து நின்ற அரண் போனதும் தீவின் மணல் கரைந்தது. பவளம் முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை.

இங்கே டைவிங் செய்யலாமா? தேசியப் பூங்காவுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் யாரும் நுழையவே கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 அப்படித்தான் சொல்கிறது. "நமக்குத் தெரிஞ்ச படகு இருக்கு, தீவுக்குப் பக்கத்துல இறக்கி விடுறேன்" என்று யாராவது சொன்னால் போகாதீங்க. மாட்டினால் படகுக்காரரோடு நீங்களும் பதில் சொல்ல வேண்டிவரும். இன்னொன்று, இங்கே பவளம் பெரும்பாலும் ஆழம் குறைந்த நீரில் இருக்கிறது. ஃபின் மாட்டிய ஒரு கற்றுக்குட்டிக்கு அந்த ஆழம் போதவே போதாது. ஒவ்வொரு உதையும் பாறையில்தான் விழும். வனத்துறை அனுமதித்த இடங்களில் கண்ணாடி அடித்தளப் படகில் போய்ப் பார்ப்பதே இங்கு பொருத்தமான வழி. குழந்தைகளும் வயதானவர்களும்கூடப் பார்க்கலாம்.

ஒரு விஷயத்தை மனதில் வையுங்க. இந்தக் கடல் டைவர்களின் ஊர். தூத்துக்குடி முத்துக்குளிப்பு உலகப் புகழ் பெற்றது. 1961-க்குப் பிறகு வழக்கமான முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி சேகரித்துப் பிள்ளைகளை வளர்த்த பெண்கள் இருக்கிறார்கள். பூங்கா வந்தபோது இவர்கள் போகும் இடம் சுருங்கியது. வயிற்றுப்பாட்டுக்காகப் போனவர்களே விலகி நிற்கும் இடத்தில், பொழுதுபோக்குக்காக வரும் நாம் சலுகை கேட்க முடியுமா? சுற்றுலா வந்தால் அதன் வருமானம் முதலில் இவர்கள் கைக்குப் போக வேண்டும். படகு ஓட்டுபவராக, வழிகாட்டியாக, உணவு தருபவராக உள்ளூர் மக்கள் இருக்கும் ஏற்பாட்டைத் தேர்ந்தெடுங்க. கடலைக் காப்பதால் தனக்கும் பலன் உண்டு என்று ஊர் நினைத்தால்தான் எந்தப் பூங்காவும் நிலைக்கும்.

6. அந்தமான் போகிறவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து டைவிங்குக்காக அதிகம் பேர் போவது அந்தமானுக்கு. அங்கே வண்டூரில் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா 1983-ல் அமைக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகளுக்கு ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரண்டு தீவுகளையும் மாற்றி மாற்றித் திறக்கிறார்கள். ஒன்று திறந்திருக்கும்போது மற்றது ஓய்வெடுக்கும். பிளாஸ்டிக்குக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. ஹேவ்லாக் என்று நாம் சொல்லும் சுவராஜ் தீவில்தான் டைவிங் மையங்கள் அதிகம். எந்த இடத்தில் இறக்குகிறார்கள், அதற்கு அனுமதி உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்க.

திரும்பும்போது பவளத் துண்டு, சங்கு, சிப்பி எதையும் பையில் போடாதீங்க. பவளங்கள் 2001-ல் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. "கரையில் கிடந்தது சார்" என்ற பதில் விமான நிலையச் சோதனையில் உதவாது.

7. புக் செய்வதற்கு முன் கேளுங்க

போனில் பேசும்போதே இந்த ஆறு கேள்விகளைக் கேட்டுவிடுங்க:

1. இறங்கும் இடம் பாதுகாக்கப்பட்ட பகுதியா? ஆம் என்றால் அனுமதிச் சீட்டின் நகலை அனுப்ப முடியுமா?
2. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? முதல் தடவை என்றால் ஒருவருக்கு ஒருவர் இருப்பது நல்லது.
3. பவளம் இல்லாத மணல் பகுதியிலோ நீச்சல் குளத்திலோ முதலில் பழக்குவீர்களா?
4. படகு நங்கூரம் போடுமா, மிதவையில் கட்டுவார்களா?
5. மருத்துவப் படிவம் உண்டா? ஆக்சிஜன் சிலிண்டர் படகில் இருக்கிறதா?
6. மீனுக்கு உணவு போடுவது, கடல் அட்டையைக் கையில் எடுத்துக் கொடுப்பது போன்ற 'சிறப்பு'கள் உண்டா? உண்டு என்றால் வேறு மையம் பாருங்க.

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பும் ரீஃப் வேர்ல்ட் அமைப்பும் 2004 முதல் நடத்தும் 'கிரீன் ஃபின்ஸ்' திட்டத்தில் டைவிங் மையங்களுக்கு 15 அம்ச நடத்தை விதிகள் உண்டு. அதைத் தெரியுமா என்று கேட்டாலே, மையத்தின் அக்கறை ஓரளவு புரிந்துவிடும்.

8. தண்ணீருக்குள்

• மூச்சை அடக்காதீங்க. சீராக விடுங்க. இது உங்கள் நுரையீரலுக்கும் நல்லது, மிதப்புக்கும் நல்லது.
• முதல் பத்து நிமிடம் பவளத்திலிருந்து நன்றாகத் தள்ளி நில்லுங்க. நிலை வந்த பிறகு நெருங்கலாம்.
• கையை மார்போடு கட்டிக்கொள்ளுங்க. தொங்கும் குழாய்களை ஜாக்கெட்டில் மாட்டுங்க.
• ஆமையைத் துரத்தாதீங்க. அது மூச்சு விட மேலே வர வேண்டிய உயிர்.
• முதல் தடவை என்றால் போன், கேமரா வேண்டாம். கடலைக் கண்ணால் பாருங்க.
• சன்ஸ்கிரீனுக்குப் பதில் நீளக் கை நீச்சல் உடை அணியுங்க. பவளத்துக்குக் கெடுதல் செய்யும் சில வேதிப்பொருட்கள் கொண்ட சன்ஸ்கிரீனைத் தாய்லாந்து தன் கடல் பூங்காக்களில் 2021-ல் தடை செய்துவிட்டது.

உங்கள் உடம்பையும் மறக்காதீங்க. ஆஸ்துமா, இதய நோய், காதுப் பிரச்சினை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது. சளி இருந்தால் தள்ளிப்போடுங்க. டைவிங் முடிந்து குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறாதீங்க. டிக்கெட் போடும்போதே கணக்குப் பாருங்க. கிளம்பும் முன் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் 'மௌசம்' செயலியில் காற்று எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்க.

9. தவறு நடப்பதைப் பார்த்தால்

சண்டை போட வேண்டாம். போனில் நேரம், இடம், படகின் பதிவு எண் தெரியும்படி படம் எடுங்க. மன்னார் வளைகுடா என்றால் ராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்திலோ, மண்டபம், கீழக்கரை, தூத்துக்குடி வனச்சரக அலுவலகங்களிலோ புகார் கொடுக்கலாம். கடலில் சந்தேகத்துக்கிடமான நடமாட்டம் என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093. உயிருக்கு ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554 அல்லது பொது அவசர எண் 112. இந்த மூன்று எண்ணையும் இப்போதே போனில் சேமித்துவிடுங்க.

உங்களைச் சோதித்துக்கொள்ளுங்க

1. பவளம் வெளிறக் காரணம் என்ன?
2. கையுறை அணிவது ஏன் பவளத்துக்கு ஆபத்து?
3. கரையில் ஒதுங்கிய பவளத் துண்டை எடுத்து வரலாமா?
4. டைவிங் முடித்து எத்தனை மணி நேரம் கழித்து விமானம் ஏறலாம்?

விடைகள்: 1. நீர் சூடாகி, பவளம் தன் நுண்பாசியை வெளியேற்றுவது. 2. தைரியமாகப் பாறையைப் பிடிக்க வைக்கும். 3. கூடாது. 4. குறைந்தது 18 மணி நேரம்.

நாலுக்கு நாலு சரியா? அப்போ நீங்க தயார். உங்களோடு வரும் நண்பர்களுக்கும் இதை அனுப்பிவிடுங்க. பாறையைத் தொடும் கை உங்களுடையதாக இல்லாமல், பக்கத்தில் நீந்தும் நண்பருடையதாகவும் இருக்கலாம் இல்லையா?